தண்டவாளம் எடுத்த பாதையில் நடக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

ரயில் பாதைப் பராமரிப்பில் 36 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, பெங்களூரு காக்ஸ் டவுனில் குடியிருக்கும் பாதை ஆய்வாளர் இந்த மாதக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

என் மகன் சிங்கப்பூரில் சுவா சூ காங்கில் இருக்கிறான். நவம்பரில் போய் இரண்டு மாதம் தங்கப் போகிறேன். அங்கே ரயில் நின்றுபோன பாதையை நடைபாதையாக மாற்றியிருக்கிறார்களாம், காட்டுக்குள் போகிற மாதிரி இருக்குமாம். எனக்கு 63 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். என்னால் நடக்க முடியுமா? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?
— அல்சூர் வாசகி

தாராளமாக நடக்கலாம் அம்மா. முழங்கால் வலிக்காரர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது பழைய ரயில் பாதையைத்தான். ரயில் ஓடுவது இரும்பு மேல் இரும்பு, வழுக்கும். அதனால் அதற்கு ஏற்றமே ஆகாது. 100 மீட்டர் போவதற்குள் 1 மீட்டர் ஏறினாலே எங்கள் கணக்கில் அது கவனிக்க வேண்டிய ஏற்றம். உங்கள் வீட்டு மாடிப்படியோ இரண்டடி முன்னே போவதற்குள் ஓரடி ஏறிவிடுகிறது. மேடு வந்த இடத்தில் வெட்டி, பள்ளம் வந்த இடத்தில் மண் கொட்டிக் கரை எழுப்பி, வளைவு வந்தால் நிதானமாகத் திருப்பி, அந்தக் காலத்து ஆட்கள் மண்வெட்டியும் கூடையுமாகச் சமன் செய்த நிலம் அது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனாலும் அந்தச் சமன் அங்கேயேதான் இருக்கும். உங்கள் முழங்காலுக்கு வேண்டியது அதுதான்.

நீங்கள் கேட்பதற்கு அங்கே ரயில் காரிடார் என்று பெயர். தெற்கே தஞ்சோங் பகார் ஸ்டேஷனில் ஆரம்பித்து வடக்கே உட்லண்ட்ஸ் பக்கம் வரை, தீவின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கு 24 கிலோமீட்டர். சிங்கப்பூரில் ரயில் வந்தது 1903-இல். முதல் ஸ்டேஷன் டேங்க் ரோட்டில், நம் செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இருக்கிற அதே சாலையில். 1932-இல் பாதையை மேற்கே தள்ளி புக்கிட் தீமா வழியாகப் போட்டு, கடற்கரைப் பக்கம் தஞ்சோங் பகாரில் பெரிய ஸ்டேஷன் கட்டினார்கள். நாடு இரண்டாகப் பிரிந்த பிறகும் அந்த நிலம் மலேசிய ரயில்வேயிடமே இருந்தது. அதாவது சிங்கப்பூரின் நடுவில், இந்த முனைக்கும் அந்த முனைக்கும், வேறொரு நாட்டு ரயில்வேயின் நிலம் நாடா மாதிரி ஓடியது. 2010-இல் இரண்டு அரசுகளும் நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டன. 2011 ஜூன் 30-ஆம் தேதி இரவு கடைசி ரயில் தஞ்சோங் பகாரை விட்டுக் கிளம்பியது. ஓட்டியவர் ஜோகூர் சுல்தான். மறுநாளிலிருந்து நிலம் சிங்கப்பூருக்கு. தண்டவாளத்தையும் கட்டைகளையும் பெயர்த்து மலேசியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள் அம்மா. ஒவ்வொரு சதுர அடிக்கும் விலை வைக்கிற ஊர் அது. அங்கே 24 கிலோமீட்டர் நிலம் நடுவில் எங்கும் அறுபடாமல் கைக்கு வந்தது. துண்டு துண்டாக வெட்டி வீடு கட்ட எத்தனை நேரம் ஆகும்? 2010-லேயே அங்குள்ள இயற்கைச் சங்கத்தார், அறுக்காமல் பசுமை வழியாக வைத்துக்கொள்ளலாம் என்று அரசுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அரசும் கேட்டது. எனக்கு அந்தப் பாதையில் பிடித்தது மரமோ குருவியோ அல்ல, அறுபடாமல் இருப்பதுதான். ஒரே ஒரு இடத்தில் வெட்டிவிட்டால் மிச்சமெல்லாம் வெறும் காலி மனை. குரங்கும் உடும்பும் குருவியும் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போவதற்கு அந்த ஒற்றை நாடாதான் வழி.

2023-இல் மகளுக்குப் பிரசவம் என்று நானும் என் மனைவியும் போயிருந்தோம். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஹில்வியூ மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி, ரயில் மால் என்ற கடைத்தெருப் பக்கமாகப் போய்ப் பாதையில் ஏறினோம். அங்கிருந்து தெற்கே புக்கிட் தீமா பழைய ஸ்டேஷன் வரை சுமார் 4 கிலோமீட்டர். 2021-இல் சீர்செய்து திறந்த பகுதி அது. உங்களுக்கும் நான் சொல்வது இந்தத் துண்டைத்தான். 24 கிலோமீட்டருக்கு ஆசைப்பட வேண்டாம்.

ஏறின உடனே இரும்புப் பாலம். கீழே கார்கள் ஓடும் சாலை, மேலே முக்கோணம் முக்கோணமாக இரும்புச் சட்டம். எல்லாரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. சட்டமும் தகடும் சேரும் இடத்தில் ரிவெட் வரிசை. கொட்டைப்பாக்கு மாதிரி உருண்ட தலை, மேலே கனமான பெயின்ட். பால ஆய்வுக்குப் போனால் நாங்கள் ரிவெட்டின் ஒரு பக்கம் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கம் சின்னச் சுத்தியலால் தட்டுவோம். இறுகியிருந்தால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. தளர்ந்திருந்தால் உள்ளே ஒரு நடுக்கம் வரும், பல்லி துடிக்கிற மாதிரி. சுத்தியல் இல்லாததால் மோதிரத்தால் நாலைந்து ரிவெட்டைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட ஆடவில்லை. இனி ஒரு ரயிலும் வராத பாலத்தை இப்படி இறுக்கமாக வைத்திருக்கிறார்களே என்று மனசு நிறைந்துவிட்டது.

பாலம் தாண்டினால் இடது கைப்பக்கம் புக்கிட் தீமா மலைக்காடு. பாதை வெட்டுக்குள் இறங்கும்போது இரண்டு பக்கமும் மண் சுவர், அதில் பெரணி, மேலே மரங்கள் கூடிவிடுகின்றன. வெளியே பத்தடியில் நகரம் இருப்பதே தெரியாது. சிக்காடா பூச்சிச் சத்தம் காதை அடைக்கும். கீழே கெட்டியான மண்ணும் பொடி ஜல்லியும் கலந்த தரை, ஓரத்தில் புல். காலில் சிமென்ட் மாதிரி அடிக்காது. என் மனைவி என்னைவிட வேகமாக முன்னால் போய்விட்டாள். நான் ஓரத்து வடிகாலைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். வெட்டுக்குள் தண்ணீர் நின்றால் பாதை செத்துப்போகும். ரயில் ஓடினாலும் சரி, ஆள் நடந்தாலும் சரி. அந்த வேலையை அங்கே ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்.

இன்னொரு இரும்புப் பாலம் வரும். அதைத் தாண்டினதும் புக்கிட் தீமா ஸ்டேஷன். செங்கல் கட்டிடம், சின்னதுதான், நம் ஊர் கிராமத்து ஸ்டேஷன் அளவு. எதிரும் புதிருமாக வரும் வண்டிகள் ஒதுங்கிக்கொள்ள அங்கே இரண்டாவது பாதை இருந்தது. ஒற்றைப் பாதையில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் போக வேண்டும் என்பதற்காக டிரைவர் கையில் டோக்கன் கொடுப்பார்கள். டோக்கன் கையில் இல்லாமல் வண்டியை நகர்த்தக் கூடாது. ஓடுகிற வண்டியிலிருந்தே டோக்கன் மாட்டின வளையத்தை வீசி, அடுத்த வளையத்தைக் கையில் கோத்து வாங்குவார்கள். 2011 வரைக்கும் அந்த ஸ்டேஷனில் டோக்கனைக் கையால்தான் மாற்றினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நம் பக்கத்து மீட்டர் கேஜ் ஸ்டேஷன்களில் தினமும் பார்த்த காட்சி. அந்த பிளாட்பாரத்தில் நின்றபோது, வளையம் வாங்கி வாங்கி மணிக்கட்டுக்கு மேல் தழும்பு ஏறிய பழைய டிரைவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

பிளாட்பாரத்துப் பெஞ்சில் வேட்டி கட்டின பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எண்பது இருக்கும். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு, "ஊர்லேர்ந்து வந்தீங்களா?" என்றார். அவருடைய அப்பா பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து மலாயா ரயில்வேயில் கேங்கில், அதாவது பாதையைப் பழுது பார்க்கும் குழுவில், வேலை பார்த்தவராம். அவர் ரயில் பாதை என்று சொல்லவே இல்லை. "கம்பிச் சடக்கு" என்றார். அங்கே சடக்கு என்றால் சாலை. கம்பி போட்ட சாலை, கம்பிச் சடக்கு. இதைவிடப் பொருத்தமாக யாரால் சொல்ல முடியும்? நானும் லைனில் வேலை பார்த்தவன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் அங்க சாவி அடிக்கிறாங்களா?" தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் இரும்பு ஆப்புக்குச் சாவி என்று பெயர். கீமேன் தினமும் நடந்து போய், தளர்ந்ததை அடித்து இறுக்குவார். இப்போது எங்கும் சுருள் கிளிப்தான் ஐயா, ஆனால் கீமேன் என்ற பேர் மாறவில்லை, அவர் நடப்பதும் நிற்கவில்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அவர்தான் சொன்னார், குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்து ஓரத்தில் ரயில்வேக்காரர்கள் முனீஸ்வரனை வைத்துக் கும்பிட்டார்கள் என்று. சின்னக் குடிசையாக ஆரம்பித்தது பின்னால் பெரிய கோயிலாகி, இப்போது காமன்வெல்த் டிரைவில் இருக்கிறது. முடிந்தால் அங்கேயும் போய் வாருங்கள். நாம் நடக்கும் அந்தச் சமன் யார் கைவேலை என்று அங்கே தெரியும்.

சரி, உங்களுக்கு வேண்டிய விஷயங்கள். நவம்பர், டிசம்பர் அங்கே மழைக்காலம். குடை இல்லாமல் வெளியே போகாதீர்கள், இடி கேட்டால் மரத்தடியில் நிற்காதீர்கள். காலை ஏழரைக்குள் ஆரம்பித்தால் வெயிலுக்கு முன் முடிக்கலாம். சூரியனே அங்கே ஏழு மணிக்குத்தான் எழும். தண்ணீர் ஒரு லிட்டர் கையில் இருக்கட்டும். பாதை சமம்தான், ஆனால் சாலையிலிருந்து பாதைக்கு ஏறும் சில வாசல்களில் படி உண்டு. சரிவாக ஏறும் வாசலாகப் பார்த்து மகனை அழைத்துப் போகச் சொல்லுங்கள். குரங்குக்கு ஒரு கடலைகூடப் போட வேண்டாம். அங்கே அது சட்டப்படி குற்றம். இடது ஓரமாக நடங்கள், சைக்கிள்காரர்கள் வருவார்கள். முடியும் இடத்தில், பழைய ஊழியர் குடியிருப்பில் காபிக்கடை இருக்கிறது. திரும்ப கிங் ஆல்பர்ட் பார்க் மெட்ரோ பக்கத்திலேயே. பாதி வழியில் வலித்தால் உட்காருங்கள். 4 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தில் முடித்தாலும் அது நடைதான்.

நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து சக்லேஷ்பூர் 'கிரீன் ரூட்' டிரெக் போகலாம் என்றிருக்கிறோம். தோணிகல்லிலிருந்து எடகுமேரி வரை தண்டவாளத்திலேயே நடந்து போன வீடியோக்கள் நிறையப் பார்த்தோம். கூடாரம், சமையல் சாமான் எல்லாம் வாங்கியாயிற்று. வேறு என்ன எடுத்துப் போக வேண்டும்?
— வைட்ஃபீல்ட் வாசகர்

போகாதீர்கள் தம்பி. இதற்கு வேறு பதில் என்னிடம் இல்லை.

அது பழைய பாதை அல்ல, உயிருள்ள பாதை. உங்கள் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஹாசன் – மங்களூரு மீட்டர் கேஜ் பாதை 1979-இல் வந்தது. 1996-இல் அகலப்பாதையாக்க நிறுத்தினார்கள். 2006-இல் சரக்கு ரயிலும், 2007 டிசம்பரில் பயணிகள் ரயிலும் ஓட ஆரம்பித்தன. நடுவில் அந்தப் பத்து வருடம் ரயிலே இல்லை. அப்போதுதான் பெங்களூரு பிள்ளைகள் அங்கே நடக்கப் பழகினார்கள். அப்போது நானும் நடந்திருக்கிறேன். அப்படி ஓர் இடம் கர்நாடகாவிலேயே கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ரயில் திரும்பி வந்து எத்தனையோ வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

சக்லேஷ்பூரிலிருந்து சுப்ரமண்யா ரோடு வரை 55 கிலோமீட்டரில் 57 சுரங்கம். 50 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். ரயிலுக்கு அது செங்குத்து. சுரங்கத்துக்குள் ஆள் ஒதுங்கி நிற்க எல்லா இடத்திலும் சுவரில் மாடக்குழி கிடையாது. பாலத்தில் பக்கவாட்டில் ஒதுங்கவே முடியாது, கீழே ஆறு. அருவிச் சத்தத்திலும் மழைச் சத்தத்திலும் வண்டி வருவது காதில் விழாது. வளைவில் கண்ணுக்கும் தெரியாது. 36 வருடம் லைனில் நடந்த நானே, எதிரில் என்ன வண்டி எப்போது வரும் என்று ஸ்டேஷனில் கேட்காமல் ஒரு சுரங்கத்திலும் கால் வைத்ததில்லை. 2024 ஜூலையில் எடகுமேரிக்கும் கடகரவள்ளிக்கும் நடுவில் மண் சரிந்து ரயிலே நின்றது. அந்த மண்ணின் மேல் கூடாரம் அடிப்பதா?

சட்டமும் இருக்கிறது. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147. அனுமதியில்லாமல் பாதையில் நடந்தால் 6 மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை. தண்டவாளத்தில் அடிபட்டவரை எடுத்து வைக்கும் வேலையும் எங்கள் கேங்க்மேன்கள் தலையில்தான் விழுகிறது. அந்த இரவுகளில் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. நான் கூட இருந்து பார்த்திருக்கிறேன்.

அந்த மலையைப் பார்க்க ஆசையிருந்தால் யஷ்வந்த்பூர் – மங்களூரு பகல் ரயிலில் போங்கள். 2021-இல் அதில் கண்ணாடிக் கூரை போட்ட விஸ்டாடோம் பெட்டி சேர்த்தார்கள். கூடாரத்துக்கு வனத்துறை அனுமதிக்கும் வேறு மலை நிறைய இருக்கிறது.

அங்கிள், தண்டவாளத்துக் கட்டை மேல் நடந்தால் ஏன் கால் சரியாகவே பொருந்துவதில்லை? ஒரு கட்டை தள்ளிக் கால் வைத்தால் கிட்டக் கிட்ட இருக்கிறது. இரண்டு கட்டை தள்ளி வைத்தால் தாண்ட வேண்டியிருக்கிறது. ரயில் மியூசியத்தில் நடந்து பார்த்தேன்.
— ஏழாம் வகுப்பு மாணவி, ஜாலஹள்ளி

நல்லா கவனிச்சிருக்கேம்மா! இப்போது நம் அகலப்பாதையில் ஒரு கிலோமீட்டருக்கு 1,660 கட்டை போடுகிறார்கள். 1,000 மீட்டரை 1,660-ஆல் வகுத்துப் பார். 60 சென்டிமீட்டர் வருகிறதா? பெரியவர்கள் சாதாரணமாக எடுத்து வைக்கிற ஓர் எட்டின் நீளம் 70, 75 சென்டிமீட்டர். அதனால் ஒரு கட்டை போதாது, இரண்டு கட்டை தாங்காது. கட்டை இருப்பது ரயிலின் எடையைப் பிரித்து ஜல்லிக்குக் கொடுக்க. நம் காலுக்காகப் போட்டது இல்லை. கேங்க்மேன்கள் கட்டை மேல் நடப்பதே கிடையாது. ஜல்லிக்குப் பக்கத்தில் ஒற்றையடித் தடம் மாதிரி மண் ஓரம் இருக்கும், அதில்தான் நடப்பார்கள். மியூசியத்தில் மட்டும் நடந்து பார்.

எனக்குச் சொந்த ஊர் போடி. மூணாறு டாப் ஸ்டேஷன் வரைக்கும் வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் ஓடியது என்று தாத்தா சொல்வார். மலை உச்சியில் ரயிலா என்று யாரும் நம்பியதில்லை. உண்மையா? இப்போது அந்தப் பாதையில் நடக்க முடியுமா?
— கே.ஆர்.புரம் வாசகர்

உங்கள் தாத்தா சொன்னது சத்தியம். 'ஸ்டேஷன்' என்ற பெயரே சாட்சி. குண்டளை வேலி ரயில்வே (குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே) என்று பெயர். 1902-இல் முதலில் போட்டது ஒற்றைத் தண்டவாளம். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் சின்ன ரயில் பாதை போட்டார்கள். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக டாப் ஸ்டேஷன். தேயிலைப் பெட்டி அங்கே வந்து இறங்கும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கீழே உங்கள் ஊர்ப் பக்கம் கொட்டகுடிக்கு வரும். அப்புறம் மாட்டு வண்டியில் போடி. 1924 ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. மலையாளத்துக் கணக்கில் அது 1099, அதனால் இன்றும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்கள். அதில் பாதை அடித்துக்கொண்டு போனது. மறுபடி போடவில்லை.

இன்று மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தார்ச் சாலை. தனியாக நடைபாதை என்று எதுவும் வைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். தேயிலைத் தோட்டத்தில் நம் ஆட்கள் முதுகில் சுமந்ததெல்லாம் போன வழி அது. ஒரு கிலோமீட்டராவது அடையாளம் வைத்து நடக்க விட்டிருந்தால் உங்களைப் போன்றவர்கள் பேரனைக் கூட்டிப் போய்க் காட்டலாம்.

கீழே குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷன் ஏறும் எண்ணம் இருந்தால் ஒன்று சொல்கிறேன். 2018 மார்ச்சில் அந்தக் காட்டுத்தீயில் எத்தனை பேர் கருகினார்கள் என்று போடிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். வனத்துறை அனுமதியும் அவர்கள் தரும் வழிகாட்டியும் இல்லாமல் ஏறாதீர்கள். கோடைக்காலத்தில் அனுமதியே கேட்காதீர்கள்.

தண்டவாளமே இல்லாத இடத்தில், இங்கே ஒரு காலத்தில் ரயில் ஓடியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— கோலார் தங்கவயல் வாசகர்

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வண்டியில் போகும்போதுகூட நான் இதையே தேடிக்கொண்டிருப்பேன்.

முதலில் மேட்டைப் பாருங்கள். வயலுக்கு நடுவில் ஒரே உயரத்தில், ஏரிக்கரை மாதிரி ஒரு கரை போகும். ஏரிக்கரை என்றால் ஒரு பக்கம் தண்ணீர் இருந்த பள்ளம் இருக்க வேண்டும். இதற்கு இரண்டு பக்கமும் பள்ளம். ஏரிக்கரை நிலத்தோடு நெளியும். ரயில் கரை நெளியாது. நேராகப் போகும், இல்லையென்றால் நீளமான ஒரே வளைவாகத் திரும்பும். அதே கரை ஒரு மேட்டை முட்டினால் மேட்டை வெட்டிக்கொண்டு உள்ளே போகும். கரையும் வெட்டும் மாறி மாறி வந்தால் சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் ஓடைகள். கரைக்கு அடியில் சின்ன வளைவுப் பாலம் இருக்கும். வெட்டின கருங்கல், சுண்ணாம்புக் காரை. ஆள் புகும் அளவுதான். பல இடத்தில் நடு உச்சிக் கல்லில் வருடமோ எண்ணோ கொத்தியிருப்பார்கள். பாசியைத் தேய்த்துப் பாருங்கள். பாம்பு இருக்கும், முதலில் கம்பால் தட்டுங்கள்.

ஸ்டேஷன் இருந்த இடம் என்றால் கரை திடீரென்று அகலமாகிச் சமதளமாகும். வேம்பும் அரசும் வரிசையாக நிற்கும், யாரோ நட்ட வரிசை என்று பார்த்ததும் தெரியும். ஒரு கிணறு இருக்கும். நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் வேண்டுமே.

கடைசியாக, பக்கத்து ஊர் வீடுகள். தண்டவாளத் துண்டு ஒருபோதும் வீணாவதில்லை. மாட்டுத் தொழுவத்துக்குத் தூண், வேலிக்குக் கால், வாசலுக்கு உத்தரம் என்று நின்றுகொண்டிருக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு அதன் நடுத்தண்டை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். ஆலையில் இரும்பைக் காய்ச்சி உருளையில் உருட்டியபோதே பதித்த எழுத்து புடைத்துத் தெரியும். செய்த ஆலையின் பெயர், எடை, வருடம். கை விரலால் தடவியே வருடத்தைப் படித்துவிடலாம்.

நான் முதன்முதலில் பொறுப்பேற்ற செக்‌ஷனில் ஒரு ஆலைக்குப் போகும் பழைய சைடிங், அதாவது கிளைப் பாதை, இருந்தது. ஆலை மூடி, தண்டவாளமும் எடுத்தாயிற்று. சுமார் இரண்டு கிலோமீட்டர், இரண்டு பக்கமும் புங்க மரம். ஊர் ஜனங்கள் காலையில் நடந்தார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். நடுவில் ஒரு இடத்தில் குப்பை கொட்ட ஆரம்பித்தார்கள். அப்புறம் ஒருவர் வேலி போட்டார். கேட்க ஆளில்லை. நானும் அப்போது எழுதிக் கேட்கவில்லை, என் செக்‌ஷன் வேலை மட்டும் பார்த்தேன். போன வருடம் அந்தப் பக்கம் போனேன். கரை இருந்த இடமே தெரியவில்லை. ஒரு வீட்டு வாசலில் தண்டவாளத் துண்டு ஒன்று படியாகக் கிடந்தது.

அதனால் உங்கள் ஊர்ப் பக்கம் அப்படி ஒரு கரை கண்ணில் பட்டால், அது முழுசாக இருக்கும்போதே படம் எடுத்து, கிராமக் கணக்கில் யார் பேரில் இருக்கிறது என்று பார்த்து, ஊர்க்காரர்களோடு சேர்ந்து எழுதிக் கொடுங்கள். ஒரு இடத்தில் அறுபட்ட பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

சிங்கப்பூர், மூணாறு எல்லாம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு பெங்களூரிலிருந்து போய் வர, ரயில் வாசனை உள்ள ஒரு நடை சொல்லுங்களேன்.
— சி.வி.ராமன் நகர் வாசகி

நந்தி ஹால்ட் போய் வாருங்கள் அம்மா. சிக்கபள்ளாப்பூர் பாதையில் இருக்கிறது. 1915-இல் சின்ன ரயில் பாதையாகப் போட்டது, பின்னால் அகலப்பாதையாயிற்று. தேவனஹள்ளி, ஆவதிஹள்ளி, நந்தி ஹால்ட் ஆகிய பழைய கல் ஸ்டேஷன்களைப் பாரம்பரியக் காவல் அமைப்பு ஒன்று செப்பனிட்டிருக்கிறது. ஓட்டுக் கூரை, தடித்த கல் சுவர், பிளாட்பாரத்தில் பெரிய மரங்கள். உள்ளே போனாலே குளிர்ச்சி.

இது ஓடும் பாதை. பிளாட்பாரத்தை விட்டு இறங்கித் தண்டவாளத்தில் பிள்ளைகளை விடவே கூடாது. ஸ்டேஷனிலிருந்து ஊர்ச் சாலை வழியாக 'போக நந்தீஸ்வரர்' கோயிலுக்கு நடக்கலாம். திராட்சைத் தோட்டங்கள் வரும், நந்தி மலை கண்ணெதிரே நிற்கும். கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். புளிசாதமும் வடகமும் அந்தக் காற்றுக்குப் பொருத்தம்.

அந்தப் பாதையில் வண்டி குறைவு. போகும்போதே திரும்பும் வண்டி எப்போது என்று ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டு, அதற்கு அரை மணி முன்னால் பிளாட்பாரத்துக்கு வந்துவிடுங்கள். மரத்தடியில் இடம் கிடைக்கும்.